கலியாண அட்டையில் டக்சீடோ

கேள்வி: களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவர், ஜூன் 8

ஆவணியில் என் அக்காவின் மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளை கனடாவில் இருந்து வருகிறான். காலையில் கோயிலில் தாலி, மாலையில் மட்டக்களப்பு நகர மண்டபம் ஒன்றில் வரவேற்பு. அழைப்பு அட்டையின் அடியில் ‘உடை: டக்சீடோ’ என்று அச்சிடச் சொல்கிறான். அது இங்கிலாந்து அரச குடும்பத்தின் சம்பிரதாய உடையாம். பெயரே ‘மரியாதை உடை’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லாம். அவனுடைய நண்பன் கொடுத்த விளக்கம் இது. உண்மையா? எங்கள் பெரியவர்கள் வேட்டி கட்டி வந்தால் மரியாதைக் குறைவாகிவிடுமா?

ஜூன் 8, இரவு

இலத்தீனும் இல்லை, மரியாதையும் இல்லை. டக்சீடோ ஓர் ஊரின் பெயர்.

நியூயோர்க் நகரத்துக்கு வடக்கே ஏரியும் காடுமாகக் கிடந்த நிலம் லொரிலார்ட் என்ற புகையிலை வியாபாரக் குடும்பத்தின் கையில் இருந்தது. அந்தக் குடும்பத்துப் பியர் லொரிலார்ட் 1886இல் அங்கே பணக்காரர்களுக்கு வேட்டை, மீன்பிடி, விருந்து என்று ஒரு கழகத்தைத் திறந்தார். அதுதான் டக்சீடோ பார்க். அங்கே இரவு விருந்துக்குப் போட்ட வால் இல்லாத கோட்டுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள் ஊரை அறியாதவர்களும் கோட்டை அந்தப் பெயரால் கேட்டு வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஊர்ப்பெயர் அங்கே முன்பு வாழ்ந்த லெனாப்பே மக்களின் மொழியில் இருந்து வந்தது. வளைந்து ஓடும் நீர் என்பார் சிலர். வட்டப் பாதம் உடையது, அதாவது ஓநாய் என்பார் வேறு சிலர். இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டால் உங்கள் மருமகன் விருந்தாளிகளை ஓநாயூர்க் கோட்டில் வரச் சொல்கிறான்.

வேட்டிக்குப் பிறகு வருகிறேன். அது ஒரு வரியில் முடிகிற விடயம் இல்லை.

ஜூன் 9, அதிகாலை

அரச குடும்பம் என்ற பகுதியில் ஓர் உண்மை உண்டு, ஆனால் தலைகீழாக.

வேல்ஸ் இளவரசர், பிற்காலத்தில் ஏழாம் எட்வேர்ட் மன்னர் ஆனவர், 1865இல் லண்டன் ஹென்றி பூல் தையலகத்தில் நீலப் பட்டில் ஒரு குட்டைக் கோட்டுத் தைப்பித்தார் என்பது அந்தத் தையலகம் சொல்லிவரும் வரலாறு. அரச சபைக்குப் போடுவதற்கு இல்லை. சாண்ட்ரிங்ஹாம் என்ற நாட்டுப்புற மாளிகையில் வேண்டியவர்களோடு சாப்பிட உட்காரும்போது வால் கோட்டின் தொல்லை இல்லாமல் இருப்பதற்கு. வால் கோட்டு முன்பக்கம் இடுப்போடு வெட்டப்பட்டு, பின்பக்கம் முழங்கால் மடிப்பு வரை இரண்டு வாலாகத் தொங்கும். குதிரை ஏறுகிறவனுக்கு அது வசதி. கதிரையில் உட்காருகிறவன் வால்களை ஒதுக்கிவிட்டு உட்கார வேண்டும், எழும்போது கசங்கியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

கந்தோரால் வந்தவுடன் களிசானைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாரத்துக்கு மாறுகிறோமே, இளவரசர் செய்ததும் அதுதான். வீட்டில் இளைப்பாறப் போட்ட உடுப்பு இன்று ‘இதைப் போட்டால்தான் உள்ளே வரலாம்’ என்று அட்டையில் ஏறி நிற்கிறது.

1886 இலையுதிர்கால விருந்தில் லொரிலார்ட் வீட்டு இளைஞனும் கூட்டாளிகளும் வால் இல்லாத கோட்டும், அதற்குள் சட்டைக்கு மேலே போடும் கையில்லாத உட்சட்டை சிவப்புச் சாட்டினிலுமாக வந்தார்களாம். அக்காலத்துச் சமூகச் செய்தித்தாள் ஒன்று, அரண்மனை ஏவலாள்களைப் பார்த்தது மாதிரி இருக்கிறது என்று நக்கல் அடித்தது. அந்த இளைஞர்கள் போட்டது இன்றைய டக்சீடோ இல்லை, வாலை வெட்டிய வால் கோட்டு என்று உடை வரலாற்றுக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். எதுவானாலும் அன்றைய பெரியவர்கள் கண்ணில் அது மரியாதைக் குறைவு.

ஜூன் 9, பகல்

கேள்வி கேட்டவரே மீண்டும் எழுதியிருக்கிறார். அட்டையின் மாதிரியைப் பார்த்த அவருடைய பெரியப்பா, ‘எல்லோரும் டாக்சியில்தான் வர வேண்டுமோ? எனக்கு முச்சக்கரவண்டி போதும்’ என்றாராம். மாப்பிள்ளை இதற்கு ஒரு பதிலை இப்போதே தயாரித்து வைக்கட்டும்.

ஜூன் 10

என் தகப்பனார் மட்டக்களப்பில் தையற்கடை வைத்திருந்தார். வெட்டும் தொழிலை அவர் பழகியது ஒரு பறங்கியரிடம், அதாவது போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தவர் ஒருவரிடம். மட்டக்களப்புப் பறங்கியரில் தச்சு வேலை, கொல்லு வேலை, தையல், சப்பாத்து வேலை என்று கைத்தொழிலில் இருந்த குடும்பங்கள் பல. கோட்டுத் தைக்கத் தெரிந்த கை என்றால் ஊரில் முதலில் அவர்களைத்தான் காட்டுவார்கள்.

கோட்டின் உயிர் வெளித்துணியில் இல்லை, உள்ளே கிடக்கும் கன்வஸ் என்ற விறைப்புத் துணியில். அப்பா நெஞ்சுப் பகுதிக்குக் கன்வஸை வெட்டி, வெளித்துணியோடு பெரிய பெரிய நூலோட்டம் போட்டுப் பிடித்துவிடுவார். பிறகு கொலர் மடிப்பு. அதைத் தட்டையாக மேசையில் வைத்துத் தைக்கமாட்டார். இடது கைப் பெருவிரலின் மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியைச் சாய்த்து, வெளித்துணியில் ஓர் இழையை மட்டும் தொட்டுத் தொட்டு எடுப்பார். வளைத்தபடி தைத்த மடிப்புத்தான் பின்னர் தானாக உருண்டு நெஞ்சில் படியும். முடிந்ததும் ஈரத்துணி போட்டு, சிரட்டைக்கரி இஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்துவார். தேய்க்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். தேய்த்த பையன்கள் குட்டு வாங்கியிருக்கிறார்கள். எனக்கும் விழுந்திருக்கிறது.

இப்போது கடையில் வாங்கும் மலிவான கோட்டுகளில் கன்வஸ் இல்லை. பசை தடவிய துணியைச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். நம் ஊர் வாவிக்காற்றின் ஈரத்தில் ஓரிரு மாரி கழிந்ததும் நெஞ்சுப் பகுதியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கனடாவில் வாங்குவதும் அந்த இனமாக இருக்கலாம். உள்ளே விரலைவிட்டு இரண்டு துணியையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் மூன்றாவது துணி தனியாக அசைந்தால் நல்ல கோட்டு.

டக்சீடோ என்ற சொல்லை அப்பா சொல்லிக் கேட்டதில்லை. ‘டின்னர் கோட்டு’ என்பார்.

ஜூன் 11

‘கறுப்புக் கோட்டு எல்லாம் டக்சீடோதானே, ஏன் இவ்வளவு இழுவை’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கறுப்புச் சூட்டில் கொலர் மடிப்பும் மற்றத் துணியும் ஒன்று. டக்சீடோவில் மடிப்பின் முகத்துக்குச் சாட்டினோ நுண்வரி ஓடும் பட்டோ போட்டிருக்கும். பொத்தான்களையும் பெரும்பாலும் அதே துணியால் மூடியிருப்பார்கள். களிசானின் வெளித்தையல் நெடுக அதே பட்டில் ஒரு பட்டி ஓடும். இடுப்புவார் செருகும் வளையங்கள் இருக்காது. கழுத்தில் நீளப் பட்டி கட்டுவதில்லை, வண்ணத்துப்பூச்சி முடிச்சு.

கறுப்பு என்பதும் கட்டாயம் இல்லை. எட்டாம் எட்வேர்ட் மன்னர், முடி துறந்து விண்ட்சர் கோமகன் ஆனவர், நள்ளிரவு நீலத்தைப் பரப்பினார். விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு மங்கிப் பச்சை தட்டும். அடர்நீலம் கறுப்பைவிடக் கறுப்பாகத் தெரியும். இங்கே மண்டபங்களில் ஊதாவும் சிவப்புமாக விளக்கு சுழலவிடுகிறார்கள். அதில் எந்த நிறம் எப்படித் தெரியும் என்று விண்ட்சர் கோமகனாலும் சொல்ல முடியாது.

ஜூன் 11, இரவு

பாரிஸில் இருந்து ஒரு தங்கச்சி எழுதுகிறார்: அங்கே இந்த உடுப்புக்கு டக்சீடோ என்று பெயர் இல்லை, ‘ஸ்மோக்கிங்’ என்பார்களாம். உண்மை. பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலி, ஸ்பானியம் எல்லாவற்றிலும் அதுதான். சாப்பாட்டுக்குப் பின் ஆண்கள் தனி அறையில் புகைபிடிக்கும்போது, நல்ல கோட்டில் வாடை ஏறாமல் இருக்க மாட்டிக்கொண்ட வெல்வெட் அங்கியின் பெயர் அது. இங்கிலாந்தில் அந்தச் சொல் அங்கியோடு நின்றுவிட்டது. ஐரோப்பாவில் விருந்துக் கோட்டுக்குத் தாவிவிட்டது. இங்கிலாந்துக்காரரே ‘டின்னர் ஜக்கெட்’ என்றுதான் சொல்வார்கள். ஆக அப்பா சொன்னது அவர்களுடைய பெயர், மருமகன் சொல்வது அமெரிக்கப் பெயர்.

நல்லவேளை, மாப்பிள்ளை பாரிஸில் இருந்து வரவில்லை. மண்டபத்து வாசலில் புகைத்தல் தடை என்று பலகை தொங்கும். அட்டையில் ஸ்மோக்கிங்கில் வாருங்கள் என்றிருக்கும்.

ஜூன் 13

கோட்டுப் பேச்சில் ஸ்டூடியோக் கோட்டை விட்டுவிட முடியாது.

அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் படம் எடுக்கப் போனால் ஸ்டூடியோவில் ஆணியில் ஒரு கோட்டுத் தொங்கும். ஊருக்கே ஒரு கோட்டு. மெலிந்தவனுக்கு முதுகுப்பக்கம் துணி காயப்போடும் கிளிப்புகளால் இழுத்துப் பிடிப்பார்கள். தடித்தவனுக்குப் பொத்தானைப் பூட்டாமல் கையை முன்னால் வைக்கச் சொல்வார்கள். கழுத்துப்பட்டி முடிச்சுப் போட்டபடியே இலாஸ்டிக்கில் இருக்கும். இடுப்புக்குக் கீழே சாரம். படத்தில் அது விழாது. எங்கள் தெருவில் பல வீட்டுச் சுவர்களில் தொங்கிய படங்களை வரிசையாகப் பார்த்தால் ஆள் மாறும், கோட்டு மாறாது. கொலரின் இடது மடிப்பில் இருந்த சின்னக் கறையும் மாறாது. தையற்காரன் மகன் கண்ணுக்கு அது முதலில் தெரியும்.

ஒரு வாசகர் இதைப் ‘போலி மரியாதை’ என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடகைக்கு டக்சீடோ எடுப்பதும் இதுவும் ஒன்றுதான். அங்கே கிளிப்பு இல்லை, வாடகை அதிகம்.

ஜூன் 15

மருதமுனைக் காக்கா ஒருவர், முஸ்லிம் அண்ணர்மாரை நாங்கள் அழைக்கும் பெயர் அது, அருமையான விடயத்தைக் கிளறியிருக்கிறார். ஊர்ப்பெயரில் உடுப்பு என்றால் டக்சீடோவுக்கு முன்பே துருக்கித் தொப்பி இருக்கிறதே என்கிறார். ஆம். ஆங்கிலத்தில் அதன் பெயர் ஃபெஸ். மொரோக்கோவில் உள்ள ஃபெஸ் நகரம். மொரோக்கோ ஊர்ப்பெயர், நம் வாயில் துருக்கி நாட்டுப்பெயர்.

இந்தத் தொப்பிக்காக இலங்கையில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 1905இல் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் அப்புக்காத்து, அதாவது வழக்கறிஞர், எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு எழுந்து நின்றார். பிரதம நீதியரசர் லேயார்ட் அதை ஒப்புக்கொள்ளவில்லை: நீதிமன்றத்தில் தொப்பியோடு நிற்பது ஆங்கில முறைப்படி அவமரியாதை. முஸ்லிம்களுக்கோ தலையை மூடி நிற்பதுதான் மரியாதை. அந்த ஆண்டின் கடைசியில் மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் பெருங்கூட்டம் கூடியது, விண்ணப்பங்கள் போயின, இறுதியில் தொப்பிக்கு இடம் கிடைத்தது.

இதில் வேடிக்கை தொப்பியின் வயது. உதுமானியப் பேரரசில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தலைப்பாகையை ஒதுக்கி அரச ஊழியருக்குத் துருக்கித் தொப்பியை 1829இல் சட்டமாக்கினார். அப்போது அது புதுமை. மார்க்கத்துக்கு ஆகாது என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். நூறு வருடம் ஆகுமுன்னே, 1925இல், அதே நாட்டில் அத்தாதுர்க் அதைப் பழமை என்று தடைசெய்தார். இரண்டுக்கும் நடுவில் கொழும்பில் நம் ஆட்கள் அதற்காகத் தெருவில் இறங்கினார்கள்.

காக்கா கேட்ட துணைக்கேள்வி: மருதமுனைக் கைத்தறிச் சாரம் கட்டி, மேலே கோட்டுப் போட்டு, தொப்பியும் வைத்து நின்ற பழைய மாப்பிள்ளைமார் படங்கள் அவர் வீட்டில் உண்டாம், அது எந்த வகை? வகை பிரிக்கத் தேவையில்லை, காக்கா. கொலர் மடிப்புத் தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், யார் தைத்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

ஜூன் 16

‘அப்படியானால் நம் நஷனல் மட்டும்தான் கலப்படம் இல்லாத உடை’ என்று பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார். கொலர் இல்லாத நீளக்கை வெள்ளை மேலங்கி, கீழே வேட்டி; அதிபர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், பெண் வீட்டுத் தகப்பன்மார் போடுவது. பெயரிலேயே ஆங்கிலம் இருக்கிறது, ஐயா. அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அதன் முன்பெயர் இன்னும் சுவாரசியம்.

1948 சுதந்திர காலப் படங்களில் டி. எஸ். சேனநாயக்க வால் கோட்டும் உயரத் தொப்பியுமாக நிற்கிறார். 1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க வெள்ளைத் தேசிய உடையில் பிரதமராகிறார். ஒக்ஸ்போர்டில் படித்த அவர் சூட்டை விட்டு அதற்கு மாறியது அரசியல். அந்த மேலங்கியை ஆங்கிலத்தில் ‘பனியன்’ என்று எழுதினார்கள்.

பனியன் என்ற சொல் குஜராத்தில் வணிகரைக் குறிக்கும் வாணியோவில் தொடங்குகிறது. நம் வணிகன், வாணிகன் எல்லாம் அதற்கு உறவு. போர்த்துக்கேயர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அந்த வணிகர்கள் நிழலில் கூடிய ஆலமரம் ‘பனியன் மரம்’ ஆனது. அவர்களுடைய தளர்ந்த அங்கியைப் பார்த்து 17ஆம், 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கனவான்கள் வீட்டில் போட்ட தொளதொளச் சட்டையும் பனியன் ஆனது. பொய்முடியைக் கழற்றிவிட்டு, பனியனோடு புத்தகம் படிக்கிற மாதிரி ஓவியம் வரைவித்துக்கொள்வது அந்தக் காலத்து நாகரிகம். பின்னர் அதே சொல் நம்மிடம் திரும்பி உள்ளாடையாகிவிட்டது. பெனியனோடு தெருவுக்கு வந்தால் வீட்டுக்காரி ஏசுவாள். பனியன் என்று பெயர் பெற்ற அங்கியோடு பிரதமர் பாராளுமன்றம் போனார்.

சங்கப் புலவர்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் உண்டு. அறுவை என்றால் அன்று துணி, தறியில் இருந்து அறுத்து எடுத்தது. துணி, துண்டு என்பவையும் வெட்டோடு தொடர்புடைய சொற்கள்தான். இன்று அறுவை வாணிகன் என்று பெயர்ப்பலகை போட்டால் தனியார் மருத்துவமனை என்று நினைப்பார்கள்.

ஜூன் 17

நேற்று எழுதியதை இன்று திரும்பப் படித்தபோது ஒரு சங்கடம். இளவரசரின் குட்டைக் கோட்டு, துருக்கித் தொப்பி, பனியன் என்று எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்து, ‘நேற்றைய இளைப்பாறும் உடுப்பு இன்றைய சம்பிரதாய உடுப்பு’ என்று சூத்திரம் எழுதுகிற நிலைக்கு வந்துவிட்டேன். துருக்கித் தொப்பி அதற்குள் அடங்காது. அது இளைப்பாறப் பிறந்ததில்லை. அரசன் கட்டளையாகப் பிறந்தது.

நம் ஊரிலேயே அடங்காத இன்னொன்று இருக்கிறது. மட்டக்களப்புக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியில் அரசர் வேடத்துக்குக் கட்டும் கரப்புடுப்பு. கரப்பு என்றால் வாவியின் ஆழம் குறைந்த இடங்களில் மீனுக்குக் குத்தும் கூடு. மேலே ஒடுங்கி, கீழே விரிந்திருக்கும். உடுப்பும் இடுப்பில் இருந்து அப்படி விரிந்து நிற்கும். களரியில், அதாவது கூத்தாடும் அரங்கில், அதோடு வட்டம் போடும்போது ஆளின் கால் தெரியாது. சதங்கைச் சத்தம் மட்டும் வரும். அரங்கேற்ற இரவில் விடிய விடிய அதைத் தாங்கி ஆடியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தைக் குறுக்கி மேடையேற்றியபோது ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடிந்தது. கூத்துப் பழக்கும் கிராமத்து அண்ணாவிமாருக்கு விடியும்வரை போக வேண்டும்.

அந்த உடுப்பை யாரும் எந்தக் காலத்திலும் இளைப்பாறப் போட்டிருக்கமாட்டார்கள். பாரம்தான் அதன் மரியாதை. ஆகச் சூத்திரம் வேண்டாம்.

ஜூன் 17, இரவு

‘கரப்புடுப்பில் வரவும்’ என்று அட்டையில் போடச் சொல்லி ஒரு தம்பி யோசனை சொல்கிறார். போடலாம். கதிரைகளை எடுத்துவிட வேண்டும்.

ஜூன் 20

தமிழ்ச்சொல் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கோட்டுக்கு ‘மெய்ப்பை’ என்று ஒருவர். நல்ல சொல்; முல்லைப்பாட்டில் பாசறையில் காவல் நிற்கும் யவனர் மெய்ப்பை போட்டிருப்பார்கள், உரைகாரர் சட்டை என்று பொருள் சொல்வார். உடம்பைப் போட்டு வைக்கும் பை. அன்றைக்கே அது வெளியூர்க்காரன் உடுப்பாகத்தான் நம் கண்ணில் பட்டிருக்கிறது. ‘குப்பாயம்’ என்று இன்னொருவர். மலையாளத்தில் இன்றும் புழங்குகிறது.

ஆனால் கடையில் யாரும் மெய்ப்பை கேட்டு வரமாட்டார்கள். சப்பாத்து, களிசான், பொத்தான், லேஞ்சி எல்லாம் போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொற்கள். 1628இல் மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள்; பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கைமாறியது, சப்பாத்து நம் காலில் தங்கிவிட்டது. டக்சீடோவும் தங்கினால் தங்கட்டும். ‘டக்சீடோ’, ‘டக்ஸிடோ’ என்று எழுத்துக்கூட்டலுக்கு அடிபட வேண்டாம்.

ஜூன் 21

வேட்டிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

இதே கலியாணத்தில் காலையில் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் போவார்கள். தோளில் கிடக்கும் சால்வை இடுப்புக்கு இறங்கும். கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் முன்னால் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவனை யாராவது முழங்கையால் இடித்து இறக்கச் சொல்வார்கள். மாலையில் அதே ஆள் மண்டபத்தில் சட்டை, உட்சட்டை, கோட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார். காலையில் கழற்றுவது மரியாதை, மாலையில் பூட்டுவது மரியாதை. இரண்டையும் ஒரே நாளில் ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு அட்டையில் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இடுப்பில் கட்டும் சால்வைக்கும் டக்சீடோவுக்கும் ஓர் உறவு வேறு உண்டு. டக்சீடோக்காரர் வயிற்றில் சுற்றும் அகலப் பட்டிக்குக் ‘கமர்பண்ட்’ என்று பெயர். பாரசீகத்தில் கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் வெக்கையில் உட்சட்டை போட முடியாமல் இந்த ஊர் இடுப்புக்கட்டை எடுத்துக்கொண்டார்கள். அதன் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். நாடக டிக்கெட் செருகுவதற்கு என்று ஒரு கதை சொல்வார்கள். என் பெரியப்பா சால்வை மடிப்பில் வெற்றிலை செருகுவது நான் கண்ணால் கண்டது.

சால்வை என்பதும் பாரசீகச் சொல்தான். பொன்னாடை தமிழ். போர்த்திய மறுநிமிடம் கழற்றி மடித்துக் கையில் கொடுக்கும் சம்பிரதாய உடை உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற என் மாமா ஒருவரின் அலமாரியில் ஒரு தட்டு முழுவதும் பொன்னாடை. மாமி அவற்றில் இரண்டை ஜன்னல் சேலையாகத் தைத்துப் போட்டுவிட்டா.

ஜூன் 25

கேள்வி கேட்டவருக்கு நடைமுறையாகச் சில வார்த்தை. ஆவணி என்றால் வெக்கையான கச்சான் காற்றுக் காலம். மண்டபத்தில் குளிரூட்டி இருந்தாலும் வாசலில் நின்று வரவேற்கிற மாப்பிள்ளைக்கு அது எட்டாது. கம்பளித்துணி எடுத்தால் கனம் குறைந்ததாக எடுங்கள். உள்துணி முழுவதும் போடாமல் முதுகில் பாதி போட்டால் காற்று ஓடும். பொலியெஸ்டர் வேண்டாம். வெப்ப நாடுகளில் வெள்ளை அல்லது தந்த நிறக் கோட்டு, கறுப்புக் களிசான் என்பதும் டக்சீடோ முறைக்குள் சேர்த்திதான். அதுவும் தாங்காத இடங்களில், செங்கடல் பக்கம் கப்பலில் போனவர்கள், கோட்டையே கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை, வண்ணத்துப்பூச்சி முடிச்சு, இடுப்புக்கட்டு என்று சாப்பிட உட்கார்ந்தார்கள். ‘செங்கடல் உடை’ என்றே அதற்குப் பெயர்.

இன்னொன்று. பரிமாறுகிற பையன்கள் என்ன உடுப்பில் வருவார்கள் என்று மண்டபக்காரரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் வெள்ளைச் சட்டை, கறுப்பு உட்சட்டை, வண்ணத்துப்பூச்சி முடிச்சு. கனடாச் சம்பந்தி ஒருவரிடம் யாராவது இன்னொரு சோடா கேட்டுவிட்டால் அது ஆவணிக் கலியாணம் முழுவதும் பேச்சாக இருக்கும்.

ஜூன் 26

ஓர் அம்மா கேட்கிறா: ‘ஆம்பிளையளுக்கே இவ்வளவு எழுதிவிட்டீர்கள், பெண்கள் என்ன உடுப்பது?’ சேலை, அம்மா. அதைப் பற்றி அட்டையில் எழுதுகிற துணிவு கனடா மாப்பிள்ளைக்கும் வரவில்லை பாருங்கள்.

ஜூலை 2

களுவாஞ்சிக்குடிக்காரர் முடிவைச் சொல்லியிருக்கிறார். அட்டையில் உடை பற்றிய வரியே இல்லை. மாப்பிள்ளையும் தோழனும் டக்சீடோ, பெரியவர்கள் வேட்டியும் நஷனலும், மற்றவர்கள் அவரவர் விருப்பம். வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு மட்டும் மாப்பிள்ளை தனியாகச் செய்தி அனுப்புகிறானாம். அட்டைக்காரருக்கும் ஒரு வரி மிச்சம்.

துணியை இங்கேயே தைப்பிக்கப் போகிறார்கள். கடைசியாக வந்த சந்தேகம்: களிசானின் பக்கப்பட்டி ஒன்றா, இரண்டா? தையற்காரர் இரண்டு என்று அடித்துச் சொல்கிறாராம். இரண்டு பட்டி வால் கோட்டுக்கு; டக்சீடோவுக்கு ஒன்று. அகலம் ஓர் அங்குலத்துக்கு உள்ளே இருக்கட்டும். பட்டியை வெளித்தையல் மேல் வைத்து இரண்டு ஓரமும் கையால் பிடிக்கச் சொல்லுங்கள். மெசினில் ஓட்டினால் சாட்டின் சுருங்கும், பிறகு எந்த இஸ்திரிக்கைக்கும் நிமிராது.

ஜூலை 2, இரவு

சாட்டின் எங்கே எடுப்பது என்று கேட்டிருக்கிறார்கள். சேலைக் கடையில் உள்பாவாடைக்கு வெட்டுகிற சாட்டின் மெல்லியது, கோட்டுக்கு ஆகாது. இரண்டு விரலுக்கு நடுவில் கசக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். மடிப்பு நிற்காமல் விரிந்தால் எடுக்கலாம். ஒரே சுருளில் இருந்து கொலருக்கும் பொத்தானுக்கும் பட்டிக்கும் சேர்த்து வெட்டுவியுங்கள். மிஞ்சுகிற துண்டைத் தோழனின் கழுத்து முடிச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.